பட்டியலில் இல்லாத வீதி

என் வேலை என்னவென்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாராவது கேட்டால் அம்மா, "கம்பியூட்டர்ல எல்லாம் சரியா இருக்கான்னு பாக்குது" என்று சொல்வார். இதைவிடச் சுருக்கமாக நானே சொன்னதில்லை. கொழும்பில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக, அட்டனில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். அவர்கள் உருவாக்கும் இணையப் படிவங்களில் தப்பான விடையைப் போட்டால் படிவம் பிடித்துக்கொள்கிறதா, சரியான விடையைப் போட்டால் வழிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொலைபேசி இலக்கம் கேட்கும் இடத்தில் எழுத்துகளைப் போடுவேன். பிறந்த திகதியாக நாளைய திகதியைக் கொடுப்பேன். பெயர் கேட்டால் வெறும் புள்ளிகளை வைப்பேன். படிவம் சிவப்பெழுத்தில் கத்தினால் எனக்குச் சந்தோஷம். இதற்கு எங்கள் தொழிலில் வலிடேஷன் என்று பெயர்.

அதே சொல்லை வேறொரு விதமாகவும் கேட்டிருக்கிறேன். ஒருமுறை நான் அனுப்பிய அறிக்கையைக் கூட வேலை செய்யும் ஒருத்தி படித்தாளா, நன்றாக இருந்ததா என்று ஒரே நாளில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, உனக்கு எப்போது பார்த்தாலும் யாராவது நன்று நன்று என்று வலிடேஷன் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். நானும் சிரித்தேன். கேமரா அணைந்திருந்ததால் என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அன்று முழுக்க அவள்மேல் கோபமாக இருந்தேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை தன் இருமலைத் தவிர வேறு ஆள் அரவமே இல்லாத அறையில் அவள் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

அறை ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே சீமெந்து மூட்டை ஏற்றி இறக்குவார்கள். வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டார் போடும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டு, வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டாயா என்று சிங்களத்தில் கேட்பார். வேலை விஷயமாக ஒரு நாளைக்கு எத்தனையோ பேருடன் பேசுகிறேன். அவர்களில் யாரும் என்னை நேரில் பார்த்ததில்லை. நான் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, அனுப்ப வேண்டிய அறிக்கையை அனுப்பிவிட்டதால், நான் படுத்திருந்ததே ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. தனிமை எனக்குப் பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பழகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் குழுத் தலைவர் ஒரு வித்தியாசத்தைச் சொல்லித் தந்தார். சொன்னபடி செய்திருக்கிறோமா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். செய்தது யாருக்காகவோ அவர்களுக்கு உண்மையில் உதவுகிறதா என்று பார்ப்பதுதான் முழு அர்த்தத்தில் வலிடேஷன். முதலாவதற்குப் பட்டியல் போதும், இரண்டாவதற்கு ஆட்கள் வேண்டும் என்றார். நான் அதை அழகான கையெழுத்தில் குறித்து வைத்தேன். குறித்து வைத்ததோடு சரி.

அம்மா வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் தனியாக இருக்கிறார். அப்பா தவறி நாலு வருடமாகிறது. அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து நான் வேலை செய்ய முடியாது. மழை இறங்கினால் சிக்னல் போய்விடும், அங்கே மழை இறங்காத நாளைத் தேட வேண்டும். அம்மாவை அட்டனுக்கு வரச் சொன்னால், "அந்த மாடியில நான் யாருகூட பேசுறது?" என்பார். நானே அங்கே யாருடனும் பேசுவதில்லையே.

அம்மாவின் வலது கண்ணில் புரை விழுந்து இரண்டு வருடமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பெயர் எழுதியிருக்கிறது, முறை வரும்போது சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முறை வந்தபாடில்லை. இடது கண்ணும் மெல்ல மங்கத் தொடங்கியிருந்தது. "எல்லாம் பொகைக்குள்ள இருக்க மாதிரி இருக்கு புள்ள" என்பார். அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு அமைப்பு மலையகத்து முதியவர்களுக்கு இலவசமாகக் கண் சத்திரசிகிச்சை செய்ய முன்வந்தது. பதிவு செய்தால் முதலில் ஆட்கள் வீட்டுக்கே வந்து கண்ணைப் பார்ப்பார்கள். தேவையானவர்களை வாகனத்தில் அழைத்துப் போவார்கள். அதற்கான பதிவுப் படிவத்தை எங்கள் நிறுவனம் செய்தது. சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது.

இரண்டு வாரம் அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் பச்சைக் குறி போட்டுவிட்டு அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். "அம்மா, இத நான்தான் பாத்து சரி சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி அவங்க ஃபோன்ல பதிஞ்சிருங்க."

அட்டனில் இருந்தபடி நானே பதிந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். பதிவு திறந்த நாளில் வேறு வேலை இருந்தது என்பது பாதி உண்மை. மகள் சரிபார்த்த படிவம் என்று அம்மா நாலு பேரிடம் சொல்லட்டும் என்று நான் ஆசைப்பட்டது மீதி. கொழும்பில் யாரும் சொல்லாத ஒரு சபாஷ் எங்கள் லயத்திலிருந்தாவது வரட்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் சாயந்தரம் அம்மாவோடு பேசினேன். "பதிஞ்சாச்சாம்மா?" என்பேன். "ம்... பாப்போம்" என்பார். சாப்பிட்டாயா என்பார். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கை தட்டச்சு செய்துகொண்டிருக்க, நான் ம் ம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த "பாப்போம்" என்ற சொல் என் காதில் விழுந்தது, அதற்கு மேல் போகவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு ரயிலேறி வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் "அம்மா" என்று கூப்பிட்ட பிறகுதான் சிரித்தார். பையை வைப்பதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். வந்ததும் வராததுமாக, "என்னா, ஒங்க கம்பெனி எங்களையெல்லாம் வேணாம்னுருச்சே!" என்றார்.

அம்மா, "சும்மா இரு" என்று அவரை அடக்கப் பார்த்தார். அக்கா அடங்குகிற ஆளில்லை. நடந்ததைச் சொன்னார். பதிவு திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எம் மக செஞ்சது என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லியிருக்கிறார். கண் தெரியாத ஏழு பேர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அம்மா எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அக்கா தன் ஃபோனில் ஒவ்வொருவராகப் பதியப் பார்த்திருக்கிறார். ஒருவரைக்கூடப் படிவம் ஏற்கவில்லை. முகவரி வந்தவுடன் சிவப்பு. போகும்போது ஒரு அம்மா, படிச்ச புள்ளைங்க செய்யிறதுல நம்மள சேக்க மாட்டாங்க போல என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார்மேல்? அவர்கள்மேல்தான். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது. "படிவம் சரியாத்தான் இருக்கு. நீங்க பிழையா அடிச்சிருப்பீங்க" என்றேன். எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. எது பிழையானாலும் முதலில் அதைப் பாவிப்பவரைத்தான் சந்தேகப்படுவோம். அக்காவின் ஃபோனை வாங்கி, அம்மாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி என்று படபடவென அடித்தேன். எல்லாப் பெட்டியும் பச்சையானது.

"பாத்தீங்களா? போகுதுல்ல?"

அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அம்மா ஃபோனை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "எனக்குத் தெரியல. என்னா போட்டன்னு வாசி."

"இலக்கம் பதினாலு, பிரதான வீதி..."

"அது கடை" என்றார் அம்மா.

ஆமாம், அது கடைதான். எங்கள் தோட்டத்தில் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கே யாராவது பார்த்து, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் மேசை இழுப்பறையில் கிடக்கும். நான் உயர்தரம் முடித்த வருடம் ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. தேர்வு முடிந்த மறுவாரம் அது என் கைக்குக் கிடைத்தது. அன்று அப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே டவுனில் தனக்குப் பழக்கமான சாமான் கடைக்குப் போய், இனிமேல் பிள்ளையின் கடிதமெல்லாம் இங்கே வரட்டுமா என்று கேட்டார். கடைக்காரர் சரி என்றார். எங்கள் தோட்டத்தில் படித்த பிள்ளைகள் அநேகமாக எல்லோருக்கும் இப்படி ஒரு டவுன் கடை உண்டு. பல்கலைக்கழகத்துக்கும் அந்த முகவரிதான், வங்கிக்கும் அதுதான், இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோதும் அதுதான். பதினைந்து வருடமாக முகவரி என்று பெட்டியைக் கண்டால் என் விரல்கள் தாமாக அந்தக் கடையை அடித்துவிடும். அந்தப் படிவத்தைச் சோதித்த இரண்டு வாரமும் அதைத்தான் அடித்திருந்தேன். தப்பான முகவரி எத்தனை விதமாக இருக்கலாம் என்று யோசித்து யோசித்துப் போட்டவள், சரியான முகவரிக்கு ஒரே ஒரு கடையைத்தான் போட்டிருக்கிறேன்.

அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். வீட்டு இலக்கம் என்று பெட்டி கேட்டது. என் கை நின்றுவிட்டது.

"அம்மா, நம்ம காம்பரா நம்பர் என்னா?"

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அஞ்சாம் லயம், மூணாங் காம்பரா" என்று அம்மா சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது வீதி. பட்டியலிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். டவுன் வீதிகள் எல்லாம் இருந்தன. எங்கள் தோட்டம் இல்லை, எந்தத் தோட்டமும் இல்லை. காலியாக விட்டு அடுத்த பக்கம் போகப் பார்த்தேன். "சரியான முகவரியை உள்ளிடவும்" என்று சிவப்பில் வந்தது. அந்தத் தமிழ் வசனத்தில் எழுத்துப் பிழை இல்லை என்று சரிபார்த்ததும் நான்தான்.

"சரியான அட்ரஸத்தான போட்டோம்" என்றார் அக்கா. "இதுக்கு மேல சரியான அட்ரஸுக்கு நாங்க எங்க போறது?"

வெட்கம் என்றால் என்னவென்று அன்று தெரிந்துகொண்டேன். நான் பிறந்த வீட்டின் வாசலில் நின்றுகொண்டு, இப்படி ஒரு வீடு இல்லை என்று சொல்லும் படிவத்தைக் கையில் வைத்திருந்தேன். அதற்குப் பச்சைக் குறி போட்டவளும் நான்.

"கடை அட்ரஸையே போட்டுறவாம்மா?" என்று கேட்டேன்.

"ஆளுங்க வீட்டுக்கு வந்துதான கண்ணப் பாப்பாங்கன்னு சொன்ன? கடையில வந்து யாரத் தேடுவாங்க?" பிறகு, "மத்த ஏழு பேருக்கு எந்தக் கடையப் போடுவ?" என்றார்.

அன்றே அட்டனுக்குத் திரும்பி, மறுநாள் காலை இணையக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். முதலில் வழக்கமான பதில்தான் வந்தது. வாடிக்கையாளர் கேட்டபடிதான் செய்திருக்கிறோம், தேவைப் பட்டியலில் வீதி கட்டாயம் என்று இருக்கிறது, படிவத்தில் பிழை இல்லை. வேலைக்குச் சேர்ந்த இத்தனை காலத்தில் முதல் தடவையாகக் கேமராவைப் போட்டேன். என் அம்மா இருக்கும் இடம் உங்கள் பட்டியலில் இல்லை, அவருக்காகத்தான் இந்தப் படிவமே என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். குழுத் தலைவர் நல்ல மனிதர். சரி என்பதற்குச் சிங்களத்தில் "ஹரி" என்றார். அப்புறம் மெதுவாக, சோதித்த இரண்டு வாரத்தில் இதை நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். கடையைப் பற்றி அவருக்கு எப்படி விளக்குவது? மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

படிவம் இரண்டே நாளில் திருத்தப்பட்டது. வீதி கேட்ட இடத்தில் தோட்டம், பிரிவு, லயம் என்று போடலாம் என்றானது. ஆனால் அதற்குள் அந்தச் சுற்றுக்கான இடங்கள் நிரம்பிவிட்டன, வீதி உள்ளவர்களால். அடுத்த சுற்று சில மாதம் கழித்துத்தான் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். "சரி, அப்பப் பாத்துக்கலாம். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றார்.

திருத்தத்தைச் சோதித்தபோது அக்காவிடம் கேட்டு அந்த ஏழு பேரின் லய இலக்கங்களையும் வாங்கி அடித்துப் பார்த்தேன். எல்லாம் போயின. நிறுவனத்தின் இணையக் குழுவில் தலைவர் என் பெயரைப் போட்டு, நல்ல கண்டுபிடிப்பு என்று எழுதினார். வரிசையாகப் பெருவிரல்கள் வந்து விழுந்தன. என்னைக் கேலி செய்தவளும் ஒரு இதயத்தைப் போட்டிருந்தாள். எத்தனை மாதமாக இதற்காக ஏங்கியிருக்கிறேன்! பார்க்கப் பிடிக்காமல் மடிக்கணினியை மூடிவிட்டு, கீழே சீமெந்து இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சில மாதத்தில் அம்மாவின் இடது கண்ணும் மோசமாகிவிட்டது. தண்ணீர் எடுக்கப் பீலிக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டார். கோயிலுக்கு யாராவது கூட்டிப் போனால்தான் போனார். இதையெல்லாம் அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அம்மாவிடம் கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்பார். இப்போது நான் ஃபோனைக் கையில் பிடித்துப் பேசினேன். அப்படிக் கேட்டபோதுதான் அவர் பேச்சுக்கு நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பது தெரிந்தது.

இரண்டாவது சுற்று திறந்த அன்று வேறெந்த வேலையையும் தொடவில்லை. அம்மாவை ஃபோனில் வைத்துக்கொண்டு நானே பதிந்தேன். ஒவ்வொரு பெட்டியாக வாசித்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் பரீட்சைக்கு வந்தவரைப் போலக் கவனமாகப் பதில் சொன்னார். பெயர். பிறந்த திகதி. தோட்டம், மேல் பிரிவு, அஞ்சாம் லயம், மூன்றாம் காம்பரா. எல்லாம் பச்சை.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வீட்டில் உடனிருப்பவர் யார்? ஒரு பெயரைப் போடலாம், அல்லது எவருமில்லை என்று போடலாம். இரண்டையும் ஏற்கும்படிதான் அந்தப் பெட்டி செய்யப்பட்டிருக்கிறது.

வாசித்துவிட்டு, அம்மா பதில் சொல்வதற்குள், "என் பேரப் போடுறேம்மா" என்றேன்.

"நீ அட்டன்லல்ல இருக்க."

"அந்த நேரம் லீவு போட்டுட்டு வந்துருவேன்."

"அது வர்றது புள்ள. இங்க இருக்கிறது யாருன்னுதான கேக்குறாங்க?" பிறகு அவரே சொன்னார். "ஆளு வந்து பாக்கிறப்ப பொய்யின்னு தெரிஞ்சா இந்தத் தடவையும் தள்ளிருவாங்க. யாரும் இல்லன்னே போடு."

எவருமில்லை என்று போட்டேன். பெட்டி உடனே பச்சையானது.

"எடுத்துக்கிருச்சா?" என்று அம்மா கேட்டார்.

"எடுத்துக்கிருச்சும்மா" என்றேன்.